கோதண்டத்துக்கு ஏற்றிய மருந்து

எனக்கு ஊசி போட நல்ல கை என்று வார்டில் எல்லோரும் சொல்வார்கள், இன்ஸ்பெக்டர் மேடம். குழந்தைகள்கூட என்னிடம் அழாது.

நீங்கள் மருந்தைப் பற்றித்தானே கேட்டீர்கள். ஆபரேஷன் முடிந்தவருக்கு நரம்பில் ஏற்றுகிற வலி மருந்து எல்லாம் ஒன்றல்ல. பாராசிட்டமால் சின்ன வலிக்குப் போதும். டிரமடால் அதைவிடப் பலம், ஆனால் குமட்டும். ஃபென்டனில் உடனே கேட்கும், சீக்கிரமே இறங்கியும்விடும். மார்ஃபின் நின்று கேட்கும், மூச்சை மட்டும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். தொடை எலும்பில் கம்பி வைத்த கோதண்டத்துக்கு டாக்டர் எழுதியது மார்ஃபின். இதயக் கோளாறு உள்ளவர், வலியில் துடிக்க விடாதே என்று என்னிடம் தனியாகவும் சொன்னார்.

கோதண்டத்தை எனக்கு முன்பே தெரியும். ஒரகடம் கம்பெனியில் என் தம்பி சுடலைக்கண்ணு வேலை பார்த்த, இரும்புத் தகடு அழுத்துகிற பிரஸ் லைனுக்கு அவர்தான் சூப்பர்வைசர். அந்த மிஷினில் இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. டார்கெட் முடியாத ஷிப்டில் இவர் வந்து ஒரு பட்டனை ரப்பர் போட்டு இறுக்கிக் கட்டிவிடுவார். ஒரு கை அழுத்த, ஒரு கை தகடு வைக்க, வேலை பறக்கும். தம்பியின் வலது கை அப்படித்தான் போனது.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் கேஸாகிவிடும் என்று அவனைப் படப்பையில் தனக்குத் தெரிந்த கிளினிக்குக்குக் கொண்டுபோனார் கோதண்டம். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது தம்பிக்கு வெறும் பாராசிட்டமால் இறங்கிக்கொண்டிருந்தது. வேறு நல்ல மருந்து போடச் சொல்லுங்கள் என்று கோதண்டத்திடம் காலில் விழாத குறையாகக் கேட்டேன். “வயசுப் பையன்மா. இன்னா இப்போ, தாங்கிக்குவான்” என்றார். தம்பி பல்லைக் கடித்ததில் உதடே கிழிந்திருந்தது. அந்த ஆளை அன்றைக்கு வெறுத்தேன். இப்போதும் வெறுக்கிறேன்.

அவரே பைக்கிலிருந்து விழுந்து என் வார்டுக்கு வந்து சேர்ந்தால் நான் என்ன செய்வது. மார்ஃபினை வாஷ்பேசினில் ஊற்றினேன். வெளியே விற்றுவிட்டேன் என்று பேசிக்கொள்கிறார்களாம், அதுதான் எனக்கு அவமானமாக இருக்கிறது. அவருக்கு உப்புத் தண்ணீர் ஏற்றினேன். “உயிர் போவுது சிஸ்டர், இன்னா மருந்து போட்டுக்கினு கீற?” என்று கத்தினார். நல்ல மருந்துதான் சார் என்று சொல்லி, நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டேன்.

மறுநாள் தம்பி ஆப்பிள் வாங்கிக்கொண்டு அவரைப் பார்க்க வந்தான். கண்ணாரப் பார்க்கட்டும் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அவனோ இடது கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். “யக்கா, இந்த வலி எனக்குத் தெரியும்லா. யாருக்கும் வேண்டாம்க்கா. நல்ல மருந்தா போடுக்கா” என்று அழுதான்.

அவன் கண்ணெதிரிலேயே இன்னொரு ஊசி போட்டேன். அதுவும் தண்ணீர்தான். அவன் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

சாயங்காலம் கோதண்டத்தின் இதயம் நின்றது. ஆமாம், நான்தான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள். தம்பி ஸ்டேஷன் வாசல் வரை வந்தவன், என்னைப் பார்க்காமலே திரும்பிவிட்டானாம். விவரம் தெரியாதவன். எல்லாம் அவனுக்காகத்தான் செய்தேன் என்பது போகப் போக அவனுக்குப் புரியும்.