நத்தை வந்த வழி

— நாப்பத்தோரு நத்தை, பேச்சிக்கா. நேத்து சாயந்தரம் ஒண்ணு விடாமப் பொறுக்கிப் போட்டேன். காலைல எந்திரிச்சுப் பாத்தா மீன் தொட்டி பூராம் நத்தை.

— எங்கயாச்சும் முட்டை ஒட்டியிருந்து பொரிஞ்சிருக்கும் தாயி.

— ஒரே ராத்திரில பொரிஞ்சு இம்புட்டுப் பெரிசாவா ஆகும்? ஒவ்வொண்ணும் புளியங்கொட்டை தண்டி இருக்கு பாருங்க.

— மீனு விக்கிற கடைல கேட்டீகளா?

— கேக்காம இருப்பனா? முட்டைக்கோசு எலையத் தண்ணில போட்டா நத்தை வந்து ஒட்டும், எலையோட தூக்கி எறிங்கன்னான். செஞ்சேன். தீனிய அதிகம் போட்டாத்தான் பெருகும், கொறைங்கன்னான். கொறைச்சேன். மருந்து ஊத்துனா மீனும் சேந்து செத்துரும்னான். கடைசில தொட்டியவே காலி பண்ணோம்ல. நீங்கதான கூழாங்கல்லக் கொதிக்கிற தண்ணில போட்டு அலசுனீக.

— ஆமா தாயி, கையெல்லாம் பொத்துப் போச்சு. தொட்டியும் பத்து நாளு மொட்டமாடி வெயில்ல காஞ்சுச்சே.

— செடி பிளாஸ்டிக் செடி. தண்ணி கேன் தண்ணி. பெறகு எங்குட்டு இருந்துதான் வருது?

— அதத்தான் நானும் யோசிச்சேன். நேத்து வீட்டுக்குப் போகும்போது தொட்டி ஸ்டாண்டச் சுத்தித் தரைல கோலமாவத் தூவி வச்சிட்டுப் போனேன்.

— என்ட்ட சொல்லவே இல்ல?

— சொன்னா பயந்துக்கிருவீக. குனிஞ்சு பாருங்க தாயி.

— என்னக்கா, மாவுல கோடு கோடா இருக்கு?

— நத்தை ஊந்த தடம். தொட்டிக்குள்ள பொறக்கல தாயி இது. வெளிய இருந்து வருது. இந்தா, ஸ்டாண்டு கால்ல ஒண்ணு இன்னும் ஏறிக்கிருக்கு பாருங்க.

— ஐயோ, எனக்கு ஒடம்பெல்லாம் கூசுது.

— சும்மா இருங்க. தடம் சுவத்தோரமாப் போகுது. வாங்க, எதுவரைக்கும் போகுதுன்னு பாப்போம். சாமான் ரூமுக்குள்ள போகுதே.

— அங்க ஈரமே கெடையாதேக்கா. காலி அரிசி டிரம்மும் அம்மி கொழவியும் பழைய கட்டிலும்தான் கெடக்கு. பொங்கலுக்குப் பெறகு நான் தொறக்கக்கூட இல்ல.

— லைட்டப் போடுங்க.

— பேச்சிக்கா... சுவரு...

— பாத்தேன். கத்தாதீக.

— எம்புட்டு இருக்கும்க்கா?

— எரநூறு இருக்கும். மேலயும் இருக்கும். ஒண்ணுகூட அசையல பாருங்க. எல்லாம் தலைய நம்ம பக்கம் வச்சுக்கிட்டு நிக்குது.

— கதவச் சாத்திட்டு வந்துருங்க. அவுக வரட்டும், சொல்லுவோம்.

— நத்தை என்ன செய்யும் தாயி? எங்க ரெட்டியபட்டி கம்மாயில இல்லாத நத்தையா? கம்மா காஞ்சு வெடிச்சுப் போனாலும் அது சாகாது. வாய அடைச்சுக்கிட்டு மண்ணுக்குள்ள கெடக்கும். நாலு வருசங்கூடக் கெடக்கும். தண்ணி பட்டாப் போதும், முழிச்சுக்கிரும்.

— இங்க ஏதுக்கா கம்மா? திருச்சுழி ரோட்டுல பொட்டக் காடா கெடந்த எடம். அத பிளாட்டுப் போட்டு வித்தாக, இவுக வாங்குனாக.

— அதான் எனக்கும் வெளங்கல. டிரம்ம இங்குட்டுப் புடிங்க. மெதுவா. இந்த மூலைல கைய வைங்க தாயி.

— சில்லுன்னு இருக்கு. டைல்ஸ் இடுக்குல தண்ணி கசியுதே.

— அந்தக் கொழவிய எடுங்க. நடுவுல தட்டுறேன், கேளுங்க.

— டொக்குங்குது.

— இப்ப மூலைல.

— தொம்முங்குது. ஏன்க்கா அப்படி?

— கீழ ஒண்ணும் இல்ல. வெறும் கூடு. இந்த டைல்ஸு பேந்துதான் நிக்குது. வெரல விட்டாலே வருது பாருங்க.

— வேணாம்க்கா.

— வந்துருச்சு. சிமிண்டு வெடிச்சு ஓட்டை விழுந்திருக்கு தாயி. மூக்க வைங்க. என்ன வாடை அடிக்குது?

— கெணத்து வாடை.

— இந்தக் கல்ல உள்ள போடுறேன், கேளுங்க.

— தொபுக்குன்னு சத்தம் வருது. தண்ணி கையெட்டுற தூரத்துல இருக்கும் போல இருக்கே.

— தாயி, வண்டிச் சத்தம் கேக்குது. ஐயா வந்துட்டாக போல.

— ஏங்க, இங்க வாங்க. சாமான் ரூமுக்கு வாங்க.

— டைல்ஸ யாரு பேத்தது? செல்வி, உன்னையத்தான் கேக்குறேன்.

— தானாப் பேந்து கெடந்துச்சுங்க. கீழ தண்ணி நிக்குது.

— என்ன ஒளர்ற? அதுல ஏது தண்ணி? மூணு வருசத்துக்கு முன்னாடி சொட்டுத் தண்ணி இல்லாமக் காஞ்சு கெடந்தது.

— எதுல?

— ஒரு பழைய கெணறு. வீடு கட்டுறதுக்கு முன்னாடி இருந்துச்சு. மூடியாச்சு, விடு.

— கெணத்து மேலயா என்னையக் குடிவச்சிருக்கீக? ஒரு வார்த்த சொல்லலயே.

— ஐயா, இந்த ஐப்பசி மழைல ஊருக்குள்ள அத்தன கெணறும் ஊறிப்போச்சு. இதுவும் ஊறியிருக்கும்.

— ஊறட்டும். மேல கனமா சிலாப்புப் போட்டிருக்கு, ஒண்ணும் ஆகாது.

— எல்லாரும் மண்ணப் போட்டுத்தான மூடுவாக? நீங்க ஏன் வெறும் சிலாப்பு போட்டீக?

— லோடு மண்ணு கெடைக்கல செல்வி. அவசரம்.

— அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுன மண்ணு மலையாட்டம் குமிஞ்சு கெடந்துச்சே. லாரி வச்சு அள்ளி வெளிய கொண்டுபோயிக் கொட்டுனீக. நான் நின்னு பாத்தேன்ல?

— பேச்சி, நீ வீட்டுக்குப் போ. ரெண்டு நாளைக்கு வரவேணாம்.

— போறேன் ஐயா. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். எங்க வீட்டுக்காரரு மொக்கையன் கடைசியா உங்க வேலைக்குத்தான் வந்தாரு. கெணத்துல எறங்கிப் பழைய பைப்பக் கழட்டணும்னு சொல்லிட்டுக் கெளம்புனாரு. அது இந்தக் கெணறா?

— ஆமா.

— வேல முடிஞ்ச கையோட கேரளாவுக்கு பஸ்ஸு ஏத்திவிட்டேன்னு நீங்கதான வந்து சொன்னீக?

— அதுக்கு இப்ப என்ன?

— மூணு வருசமா ஒரு போனு இல்ல ஐயா. அங்க எவளோடயோ குடும்பம் நடத்துறாருன்னு நானும் வாய்க்கு வந்தபடி வைஞ்சுக்கிட்டுக் கெடக்கேன்.

— ஏங்க, வேலைக்கு ஆளே வேணாம்னு நான் சொல்லியும், இந்தக்காவத் தேடிப் போயிக் கூட்டிட்டு வந்தீகளே. அது எதுக்கு?

— செல்வி, நீ பேசாம இரு.

— தாயி, நீங்க செத்த தள்ளுங்க. ஐயா, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. அம்புட்டு மண்ணு கெடந்தும் ஏன் கெணத்துல கொட்டல?

— உள்ள காத்து கெட்டுப் போயிருந்துச்சு பேச்சி. எறங்குனவன் ரெண்டு தடவ கொரல் குடுத்தான், பெறகு சத்தம் இல்ல. கேசாயிருமேன்னு பயந்து யாருக்கும் சொல்லாம மூடிட்டேன். ஆனா அவன் மேல மண்ண அள்ளிக் கொட்ட மட்டும் எனக்குக் கை வரல.