வயித்து மேல ஆடின விசிறி

ஏறும்போது யாரு வூட்டுக்குன்னு சொன்னீங்க? கூனிமேட்டு அற்புதராஜ் வூட்டுக்கா?

இல்ல, சும்மா கேட்டேன். நல்லா உள்ள தள்ளி உக்காருங்க பாய், ஜன்னலோரமா. தூறல் அடிக்குது, அந்தப் படுதாவை எறக்கி விடுங்க. பையைக் குடுங்க, என் மடியில இருக்கட்டும். எண்ணெ பாட்டிலா? ஒடையாது, குடுங்க. டிக்கெட்டும் நானே எடுத்துட்டேன். நீங்க பின்னாடி எடம் தேடிக்கிட்டு இருந்தீங்களே, அப்பத்தான். அட, இருக்கட்டும். குடல் தட்டுற பக்கீர் பாயைத் தெரியாதவன் இந்த ரோட்டுல எவன் இருக்கான்?

அற்புதராஜுக்கு என்னாவாம்? வயிறா. துடிக்குதுன்னு சொல்லி அனுப்பினானா? தொப்புளுக்கு மேலயா? முதுகும் வலிக்குதாமா?

ம்.

தெரியும் தெரியும். என் தம்பிதான் அவன். பொண்டாட்டி ஊருன்னு கூனிமேட்டுல போயி உக்காந்துட்டான். எங்களுக்குள்ள பேச்சு கெடையாது. எமர்ஜென்சிக்கு முந்தியே நின்னு போச்சு. மரக்காணத்துல எங்கப்பா விட்டுட்டுப் போன உப்புப் பாத்தியில பாதி அவனுது, பாதி என்னுது. பக்கத்துப் பக்கத்துலதான் வாருறோம். அவன் உப்பு என் சோத்துல கலந்துடக் கூடாதுன்னு நான் கடையில போயி உப்பு வாங்கறேன் பாய். உப்பளத்துக்காரன் உப்பு வாங்கறான்னு கடைக்காரன் சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

நானா? பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வர்றேன். எனக்கும் வயிறுதான். இந்த வருசம் உப்பு வாரும்போது ஆரம்பிச்சுது. மல்லாந்து படுத்தா தொப்புளுக்கு மேல டக்கு டக்குன்னு தூக்குது. மொதல்ல என்னா நெனச்சேன் தெரியுமா? அவன்தான் ஏதோ வெச்சுட்டான்னு. மந்திரிச்ச எலுமிச்சம்பழம் பொதைச்சிருக்கானான்னு பாத்தி வரப்பை மூலைக்கு மூலை தோண்டிப் பாத்தேன். ஒண்ணும் கெடைக்கலை. கெடைக்காததுல எனக்கு சந்தேகம் இன்னும் ஜாஸ்தியாயிடுச்சு.

அங்க புதுசா ஒரு மிஷின் வந்திருக்குது. ஸ்கேன்னு சொல்றாங்க. கதவைச் சாத்தி லைட்டை அணைச்சுட்டாங்க. எதுக்கு அணைக்கணும்? நல்ல காரியத்தை இருட்டுல பண்ணுவாங்களா? டாக்டரு சின்ன வயசு, மீசைகூட சரியா வரலை. வயித்துல எண்ணெயை ஊத்தறாரு. அட, இவரும் நம்ம பாய் மாதிரி குடல் தட்டத்தான் போறாரு, இதுக்கா பாண்டிச்சேரி வரைக்கும் வந்தோம்னு ஆயிடுச்சு எனக்கு. பாத்தா, தட்டலை. அமுக்கவே இல்லை. சோப்புக் கட்டி கணக்கா ஒண்ணை வெச்சு எண்ணெ மேல மெதுவா ஓட்டறாரு. சத்தத்தை உள்ள அனுப்பறேன் பெரியவரே, அது பட்டுத் திரும்பி வந்து படமா விழுதுங்கறாரு. எனக்கு ஒண்ணும் கேக்கலியே சார்னேன். உங்களுக்குக் கேக்காதுங்கறாரு. கேக்காத சத்தம் என்னா சத்தம், நீங்களே சொல்லுங்க.

நான் விடலை. எனக்கும் காட்டுங்கன்னேன். பொட்டியைத் திருப்பினாரு. கறுப்புல வெள்ளைப் பொடி, உப்பைத் தூவின மாதிரி. நடுவுல கறுப்பா ஒரு வாய்க்கா. நெஞ்சுலேருந்து வயித்துக்குள்ள எறங்கி ரெண்டு காலுக்கும் பிரியற பெரிய ரத்தக்குழாயாம் அது. கட்டைவெரல் தடிமன் இருக்கணுமாம். எனக்கு ஒரு எடத்துல பெரிய எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைச்சிருக்குது. வரப்புல தேடினது வயித்துக்குள்ள இருக்குது பாய்!

அவரு இங்கிலீஷ்ல என்னமோ பேரு சொன்னாரு. எனக்கு எதுக்கு அது? வாய்க்கால்ல தண்ணி ஏற ஏற, மெலிஞ்ச கரை வெளிய தள்ளிக்கிட்டு நிக்குமே, அதான். அதுமேல காலை வெச்சு மிதிச்சா என்னா ஆவும்னு உப்பளத்துல எந்தப் புள்ளையைக் கேட்டாலும் சொல்லும். அமுக்கித் தடவக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, மெட்ராசுக்குப் போனா ஆபரேஷன் பண்ணி வேற குழாய் வெப்பாங்கன்னாரு. போவணும்.

அப்புறம் கேக்கறாரு, கூடப் பொறந்தவங்க யாராவது இருக்காங்களான்னு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. இவருக்கு எதுக்கு அது? அவன் யாரையாவது வுட்டுச் சொல்லி வெச்சிருக்கானா? நான் ஒத்தப் புள்ளைன்னுட்டேன். ஆமா பாய், பொய்தான். இருந்தா கூட்டிக்கிட்டு வரச் சொல்லியிருப்பேன், இது ரத்தத்துலயே வரும், அண்ணன் தம்பிக்கும் இருக்கலாம், வெடிச்சுதுன்னா ஆஸ்பத்திரி வந்து சேர்றதுக்குள்ள முடிஞ்சிடும்னாரு. சொல்லிட்டு எண்ணெயைத் தொடைச்சு விட்டாரு.

எங்கப்பாவுக்கும் துடிச்சுது. மத்தியானத்துல பாத்திக் கொட்டாயில படுத்திருப்பாரு. பனையோலை விசிறியை வயித்து மேல வெச்சிட்டே தூங்கிடுவாரு. விசிறி தானா ஆடும். தூக்கத்துலகூட விசிறிக்கிறாரு பாருடான்னு நானும் தம்பியும் சிரிப்போம்.

என்னா, எழுந்திரிக்கறீங்க? உக்காருங்க. படுதாவை ஏன் தூக்கறீங்க, நனைஞ்சிடுவீங்க. இதைக் கேட்டுட்டுப் போங்க.

ஒரு நாள் முதுகு வலிக்குது, வயித்தை இழுக்குதுன்னாரு. அற்புதராஜ்தான் பஸ்ஸைப் புடிச்சு ஓடி ஆளைக் கூட்டியாந்தான். குடலேத்தம்னு சொல்லி, எண்ணெ வெச்சு நல்லா உருவித் தட்டிவுட்டாரு வந்தவரு. எங்கப்பாவுக்கு வேர்த்துக் கொட்டுச்சு. படுத்தாரு, அப்புறம் எழுந்திரிக்கலை. நீதான்டா கூட்டியாந்து கொன்னவன்னு கல்லறைத் தோட்டத்துலயே தம்பியைக் கேட்டேன். அன்னிக்கு நின்னதுதான் பேச்சு.

வந்தவரு யாருன்னு உங்க வூட்டுல சொல்லியிருக்க மாட்டாங்க. உங்களைப் பெத்த அத்தாதான். அட, மொகத்தை ஏன் அப்பிடி வெச்சுக்கறீங்க? கைராசிக்காரரு அவரு. சின்னதுல எனக்கே தட்டியிருக்காரு. அவருக்கு என்னா தெரியும், அப்ப மிஷினா இருந்துது?

அதுக்காக என் தம்பியை யோக்கியன்னு நான் சொல்லலை. வாய்க்கா பக்கத்துப் பாதியை அவன் எடுத்துக்கிட்டது எடுத்துக்கிட்டதுதான்.

கூனிமேடா? அது தாண்டி ரொம்ப நேரம் ஆச்சே. உங்களுக்கும் மரக்காணத்துக்குத்தான் டிக்கெட்டு எடுத்தேன். அனுமந்தையில எறங்கித் திரும்பிப் போவீங்க, தெரியும். போங்க, இந்தா, காலை எடுத்துக்கறேன். பை மட்டும் எங்கிட்டயே இருக்கட்டும். அவன் வயித்துல கைய வெக்காம, மொதல்ல பாண்டிச்சேரிக்குக் கூட்டிக்கிட்டுப் போயி அந்த மிஷின்ல காட்டுங்க. நீங்க சொன்னா கேப்பான். அதுக்கப்புறம் வந்து பாட்டிலை வாங்கிக்கலாம்.

என் வூடா? அவனையே கேளுங்க. வழி அவனுக்குத் தெரியும்.