மூடினால் வரும் முகம்

— இல்லைங்க. விளம்பரம் வர்றது இந்த வீட்டுக்கு வேணாம். வாங்கினா விளம்பரம் இல்லாததை வாங்கலாம்.

— இங்க பாரு, படிக்கறது நான். கால் ஒடைஞ்சு கட்டில்ல கிடக்கறதும் நான். விளம்பரம் வந்தா உனக்கு எங்க வலிக்குது?

— எல்லா இடத்துலயும் வலிக்குது.

— படிக்கும்போது ஒரு தொல்லையும் இல்லம்மா. மாடி வீட்டு நர்ஸம்மா குடுத்த இந்தப் புஸ்தகம் படிக்கற மெஷினை, இந்த ரீடரை, ஒரு வாரமா வெச்சுப் பாத்துட்டேனே. உள்ளே எழுத்து மட்டும்தான். மூடி வெச்சாதான் அந்த மூஞ்சி கிரீம் விளம்பரத்துக்காரி வந்து சிரிக்கறா. சிரிச்சுட்டுப் போறா. அதுக்குன்னு கம்பெனிக்காரன் விலையில எவ்வளவு குறைக்கறான், பாத்தியா?

— பாத்தேன். நம்ம மேசை மேல பொழுதன்னிக்கும் அவ சிரிச்சிட்டிருக்கறதுக்கு அவன் குடுக்கற வாடகை அது.

— வாடகைதானே? கும்பிட்டு வாங்கிக்கோ. பதினேழு வருஷமா அந்த வாடகையிலதான் நம்ம அடுப்பு எரியுது. இந்த ஊர்ல நான் ஏறாத போர்டு எது, சொல்லு பாப்போம். முப்பது அடி, நாப்பது அடி. பிளெக்ஸைச் சுருட்டித் தோள்ல போட்டுக்கிட்டு, கயிறை இடுப்புல கட்டிக்கிட்டு ஏறி நின்னா, கீழ ஒருத்தன் மூக்கைச் சொறியறது வரைக்கும் தெரியும் எனக்கு. இப்ப விளம்பரம்னதும் நீ மூஞ்சியச் சுளிக்கறே பாரு, அது என் பொழப்பைப் பாத்துச் சுளிக்கற மாதிரி இருக்கு.

— உங்க பொழப்பை நான் என்னங்க சொன்னேன்? முதல்ல வீட்டைச் சுத்திப் பாருங்க. படுத்த இடத்துலேருந்தே தெரியும். குளிக்கற இடத்துக்குத் திரை, நீங்க கொண்டாந்த பழைய பிளெக்ஸ். நான் தலைக்குத் தண்ணி ஊத்தறேன், ஒருத்தன் பாதி வாயோட பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கறான். சமையல்கட்டு அலமாரியில விரிச்சிருக்கறது சிமெண்டு விளம்பரம். ஒழுகற கூரைக்கு மேல ஏதோ ஒரு காலேஜு. உங்க மெத்தைக்கு அடியில கொசுவத்தி.

— நல்ல கெட்டிச் சரக்கு. கிழியவே கிழியாது.

— அதான் கொடுமை. கல்யாணமாகி வந்தப்போ பாத்த பல்லு இன்னும் அப்படியே இருக்கு. எனக்கு ரெண்டு விழுந்துடுச்சு, அவனுக்கு ஒண்ணுகூட ஆடல.

— சிரிக்க வெக்காதே, தோள்பட்டை வலிக்குது.

— நான் சிரிப்புக்குச் சொல்லல. இந்த வீட்டுல யாரும் எதையும் என் தலையில கட்ட வராத இடம் ஒண்ணே ஒண்ணுதான். புஸ்தகத்தோட பக்கம். அதை நான் விட்டுக் குடுக்க மாட்டேன்.

— நீ எப்பலேருந்து படிக்க ஆரம்பிச்சே, மேடம்?

— நீங்க மாத்திரை போட்டுக் கண்ணசந்ததும் எடுத்துப் படிக்கறேன். படிச்சிட்டு, நீங்க எங்க விட்டீங்களோ அந்தப் பக்கத்துக்கே கொண்டாந்து வெச்சிடறேன்.

— அடிப்பாவி. அதான் சார்ஜு நிக்க மாட்டேங்குதா? அந்தக் கதையில கப்பல்ல கொலை பண்ணினது யாருன்னு உனக்குத் தெரியுமா அப்ப?

— தெரியும். சொல்ல மாட்டேன்.

— சொல்லிடாதே, தாயே. உனக்குப் புண்ணியமாப் போகும்.

— பாத்தீங்களா, இதுக்குத்தான் வாங்கணுங்கறேன். விழுந்த முதல் மாசம் நீங்க இருந்த இருப்பு உங்களுக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கல. சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்தா நாள் பூரா அப்படியேதான். தட்டைத் தள்ளி விட்டீங்க. "என்னை எதுக்குப் பொழைக்க வெச்சீங்க"ன்னு டாக்டர்கிட்டயே கேட்டீங்க. ஆஸ்பத்திரி பெஞ்சுல யாரோ விட்டுட்டுப் போன கதைப் புஸ்தகம், அட்டைகூட இல்ல, அதைக் கொண்டாந்து உங்க நெஞ்சு மேல வெச்சேன். மூணாம் நாள் "அடுத்தது எங்கே"ன்னு கேட்டீங்க. நான் பாத்திரம் கழுவற இடத்துக்குப் போய் அழுதேன்.

— கேட்டுச்சு.

— கேட்டுச்சா?

— கேட்டுச்சு. மறுபடி அந்தப் புஸ்தகத்தையே முதல்லேருந்து படிச்சேன்.

— அப்புறம் தடிப் புஸ்தகமா கொண்டாந்தேன், தோள் போனதால உங்களால தூக்க முடியல. இதைத் தூக்க முடியுது. நாளைக்கு நர்ஸம்மா வேற ஊருக்கு மாத்தலாகிப் போறாங்க, இதைத் திருப்பிக் குடுத்தாகணும். இன்னும் மூணு மாசத்துக்கு நீங்க காலைக் கீழ ஊணக் கூடாது. உங்களை மறுபடியும் அந்தச் சுவத்துகிட்ட விட மாட்டேங்க. வாங்கறதுன்னு ஆயிடுச்சு. எதை வாங்கறதுங்கறதுதான் பேச்சு.

— அப்ப விலை குறைஞ்சதை வாங்கு. நன்றின்னு ஒண்ணு இருக்குல்ல? படுத்துக் கிடக்கறவனுக்கு வாரா வாரம் பாதிக் கூலி அனுப்பறாரு காண்ட்ராக்டர். எந்தத் தொழில்ல நடக்கும் இது? அவருக்கு விளம்பரம் சோறு போடுது, அவரு நமக்குப் போடறாரு. நீ என்னடான்னா விளம்பரமே ஆகாதுங்கறே.

— முதல் மாசம் அவரு எட்டிக்கூடப் பாக்கலியே.

— அப்ப வேலை ஜாஸ்தி. இப்ப மூணு வாரமா வருதுல்ல? என்கூட போர்டு கட்டற அந்த நெட்டையன், நம்ம ஏணிகிட்டதானே குடுத்து விடறாரு?

— ஆமா. ஏணிதான் என் கையில குடுக்கறான்.

— கூடவே எதாச்சும் சொல்லி விட்டாரா? சீக்கிரம் எழுந்து வரச் சொல்லுன்னு?

— ஒண்ணும் சொல்லல.

— சொல்லுவாரு. சரி, கையைக் காட்டு. என்ன இது, உள்ளங்கை பூரா தோல் உரிஞ்சு கிடக்கு? ஆஸ்பத்திரி சலவைக் கூடத்துல சோடா மாத்திட்டாங்களா?

— வேலை புதுசு மாதிரி ஆயிடுச்சு. பழகிடும்.

— விடியக்காலை ஷிப்டுக்கு வேற போட்டுட்டானுங்க. ஆஸ்பத்திரிக்காரனுக்கு மனசாட்சியே கிடையாது. கறுத்துப் போயிட்டே நீ. துணி துவைக்கறவ எப்படி இவ்வளவு கறுப்பா?

— மொட்டை மாடியில காயப் போட வேணாமா? பேச்சை மாத்தாதீங்க. ரீடர்.

— பேச்சை மாத்தல, அதுக்குத்தான் வர்றேன். ஜன்னலைத் திறந்து வை. இன்னும். தெரு முனையைப் பாரு. அங்க யாரு?

— அதே கிரீம்காரி.

— அதே கிரீம்காரி. என்னைத் தள்ளிவிட்ட போர்டு அது. நான் விழுந்ததுலேருந்து வெறும் இரும்பா நின்னுச்சு. ஒருத்தனும் ஏற மாட்டேன்னுட்டானாம். தினம் காலைல கண்ணைத் திறந்தா அந்த எலும்புக்கூடுதான். முந்தாநாள் முழிச்சுப் பாக்கறேன், அவ நிக்கறா. அவ்வளவு பெருசா. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, சொன்னா நம்ப மாட்டே. எவனோ ஏறிட்டான். நான் விழுந்த இடத்துல எவனோ கால் வெச்சு நின்னுருக்கான்.

— நல்லாக் கட்டியிருக்கானா?

— அதைக் கேளு முதல்ல. முகத்துல ஒரு சுருக்கம் இல்ல. ஏணிக்கு அது ஏழு ஜென்மத்துக்கும் வராது, ஆள்தான் ஒசரம், கையில இழுவை கிடையாது. காத்து எந்தப் பக்கம் வருதோ அந்த ஓரத்தை முதல்ல கட்டணும். அது தெரிஞ்சவன் கட்டினது.

— ஆமா, அந்த ஓரத்தை விட்டா மொத்தமும் பாய் மாதிரி உப்பி ஆளையே தள்ளிடும்.

— பார்றா. யாரு சொல்லிக் குடுத்தா?

— நீங்கதான். பதினேழு வருஷமா சோத்தைப் போட்டு வெச்சா வேற என்ன பேசியிருக்கீங்க?

— ஒண்ணு மட்டும் வேடிக்கையா இருக்கு. மிச்சக் கயிறை நாங்க அப்படியே தொங்க விட்டுடுவோம். இவன் சுருட்டிச் செருகி வெச்சிருக்கான், துணிக்கொடி கட்டற மாதிரி. புதுசு. ஆனா சுத்தமான ஆளு.

— அவ்வளவு தூரத்துலேருந்து தெரியுதா?

— கால்தான் ஒடைஞ்சுது. கண்ணு அப்படியேதான் இருக்கு. எழுந்ததும் முதல்ல அதுலதான் ஏறப் போறேன்.

— ஏற மாட்டீங்க. அந்த மூணாவது குறுக்குச் சட்டம் இன்னும் ஆடுது. கால் வெச்சதும் ஒரு பக்கமா இறங்குது.

— உனக்கு எப்படித் தெரியும்?

— ஏணி சொன்னான்.

— ஏணி அந்தச் சட்டத்துல கால் வெக்கவே மாட்டானே. அவன் கையை நீட்டினா எட்டும்.

— அப்ப கட்டினவன் சொல்லியிருப்பான். ஏங்க, நான் ஒண்ணு கேக்கறேன். மேல நிக்கும்போது பயமா இருக்காதா?

— இருக்காதுன்னு ஊர்ல சொல்லுவேன். உன்கிட்ட என்ன? இருக்கும். ஆனா அந்த மூஞ்சி இருக்குல்ல, அவ்வளவு பெரிய கண்ணு, நம்ம கதவு அகலத்துக்கு ஒரு கண்ணு, அதுல கன்னத்தை ஒட்டி வெச்சுக்கிட்டு முடிச்சுப் போடும்போது வெறி வரும். உன்னைக் கட்டாம இறங்க மாட்டேண்டின்னு.

— ஆமா.

— என்ன ஆமா?

— வெறி வரும்னு சொன்னீங்கல்ல. வரும்.

— நீ கீழ நின்னு அண்ணாந்து பாக்கறவ. உனக்கு அது புரியாது. அதனாலதான் சொல்றேன், விளம்பரத்தைக் கேவலமாப் பேசாதே. எவனோ உசிரைக் குடுத்து ஏத்தினது. அந்த மூஞ்சி இந்த மேசை மேல இருக்கட்டும். நம்ம ஆளுங்க வேலை அது, மரியாதை.

— கேவலம்னு நான் சொல்லல. மேல ஏத்தினவளுக்குத்தான் வீட்டுலயாச்சும் அதைப் பாக்காம இருக்கற உரிமை வேணுங்கறேன்.

— என்ன உளர்றே? சரி, விடு. ஏணி வந்தா அந்தப் புது ஆளை இங்க அனுப்பச் சொல்லு. ரெண்டு வார்த்தை சொல்லணும் அவனுக்கு. இடுப்புக் கயிறை மேல் சட்டத்துலதான் போடணும், நான் பண்ணின தப்பைப் பண்ணாதேன்னு.

— சொல்லுங்க. கேட்டுக்கறேன்.

— உனக்கு எதுக்கு? ஏறினவன்கிட்ட சொன்னாத்தானே பிரயோஜனம்.

— புது ஆளுன்னு யாரும் வரலைங்க. நான்தான் ஏறினேன். மூணு வாரமா ஏறிட்டிருக்கேன். இடுப்புக் கயிறை மேல் சட்டத்துலதான் போடறேன்.

— விளையாடாதே. சலவைக் கூடம்... இல்ல, காண்ட்ராக்டர் பாதிக் கூலி அனுப்பறாரே...

— அது உங்களுக்கு அனுப்பற பாதிக் கூலி இல்லைங்க, எனக்குக் குடுக்கற பொம்பளைக் கூலி. அதுலதான் வாங்கறேன், விளம்பரம் இல்லாததை, ஏன்னா விடியக்காலைல அவ மூஞ்சியத் தோள்ல போட்டுக்கிட்டு நாப்பது அடி ஏறினவ சாயங்காலம் வீட்டுக்கு வந்து இந்த மேசை மேலயும் அவளையே பாக்க மாட்டா.