படிக்கிற பிள்ளை

படிக்கிற பிள்ளைக்கு மத்தியானம் வயிறு நிறையச் சோறு போடக்கூடாது சார். தூக்கம் வந்துவிடும். மூத்தவள் கார்த்திகாவுக்கு அரை வயிற்றுக்குத்தான் போடச் சொல்வேன். என் மனைவி ஷோபனாவுக்கு அதில் வருத்தம். மார்க்கைப் பார்த்தபிறகு அவளும் பேசாமல் இருந்துவிட்டாள்.

ராமநாதபுரத்திலிருந்து இந்தத் தீவுக்குக் கிளார்க்காக வந்தவன் நான். டெலானிபூரில் கவர்மென்ட் குவார்ட்டர்ஸ். தீவுப் பிள்ளைகளுக்கு மெடிக்கல் சீட் கொஞ்சம்தான் என்பது உங்களுக்கே தெரியும். பன்னிரண்டாவது முடிகிறவரை போன் வேண்டாம், சினேகிதிகள் வேண்டாம் என்றேன். அவள் எதிர்த்துப் பேசியதில்லை. அறையை வெளியிலிருந்து பூட்டும்போதுகூட "சரிப்பா" என்பாள். பூட்டினால்தான் கவனம் சிதறாது.

போன மாதம் ஷோபனா சின்னவள் ஸ்வப்னாவோடு லாங் ஐலண்டுக்குப் போயிருந்தாள். அவள் தங்கச்சி வீட்டில் விசேஷம். அவர்கள் கப்பல் ஏறிய அன்றே கார்த்திகா வயிறு வலிக்கிறது என்றாள். பரீட்சை நெருங்கினால் அவளுக்கு அப்படித்தான். மாத்திரை கொடுத்தேன். மறுநாள் உடம்பு சுட்டது. அதற்கும் மாத்திரை கொடுத்தேன். அதற்கடுத்த நாள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு ஹாலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானம் பூட்டிய அறைக்குள்ளிருந்து கதவைத் தட்டினாள்.

"அப்பா, பஹுத் வலிக்குதுப்பா, ரொம்ப வலிக்குது. ஆஸ்பத்திரிக்குப் போலாம்ப்பா."

"அந்தச் சாப்டரை முடிச்சிரு. அப்புறம் போவோம்."

அதன்பிறகும் தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பெங்காலி அம்மா வந்து, பிள்ளை ஏன் அழுகிறாள் என்று இந்தியில் கேட்டார். சத்தம்போட்டு மனப்பாடம் செய்கிறாள் என்று சொல்லி அனுப்பினேன். டிவியைக் கொஞ்சம் கூட்டிவைத்தேன்.

சாயங்காலம் தட்டுவது நின்றது. ஒருவழியாகப் படிக்க உட்கார்ந்துவிட்டாள் என்று நிம்மதியாக இருந்தது. டீ போட்டுக் குடித்தேன். இருட்டத் தொடங்கியதும் திறந்தேன். கதவோரத்தில் கிடந்தாள்.

குடல்வால் வெடித்திருக்கிறது, முதல் நாளே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றார் டாக்டர்.

அவள் நடிக்கவில்லை என்று குரலிலேயே எனக்குத் தெரிந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்துதான் திறக்கவில்லை. ஒருதரம் விட்டுக்கொடுத்தால் அதுவே பழகிவிடும் சார்.

காரியம் முடிந்ததும் ஷோபனா ஸ்வப்னாவை அழைத்துக்கொண்டு மறுபடியும் லாங் ஐலண்டுக்கே போய்விட்டாள். பத்தாவது படிக்கிற பிள்ளை. அங்கே நல்ல டியூஷன் கிடையாது. என்னை ஸ்டேஷனிலிருந்து சீக்கிரம் அனுப்பிவிட்டால் நல்லது. என்னை விட்டால் அவள்மேல் அக்கறைப்பட வேறு யார் இருக்கிறார்கள்?