இறங்கலாமா?

மாலை ஆறே முக்கால். மழை விட்டுப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மெயின் ரோட்டிலிருந்து குடியிருப்புக்குப் போகும் அந்த இரண்டு கிலோமீட்டர் சாலையில் ஒரு வீடு கிடையாது, ஒரு கடை கிடையாது. ஒரு பக்கம் சப்-ஸ்டேஷனின் கம்பி வேலி. மறுபக்கம் வரிசையாக மின்கம்பங்கள்... அவ்வளவுதான். அன்றைக்குக் கரண்டும் இல்லை.

இது நடந்தது நம் ஆபீஸ் கேஷியரின் சித்திக்கு. நாளைக்கு அவரைப் பார்த்ததும் ஆர்வத்தில் கேட்டு வைக்காதீர்கள். மனுஷர் அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே மாட்டார். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்... இதைச் சத்தமாகச் சொல்ல எனக்கும் விருப்பமில்லை.

சித்தி தையல்காரி. மெயின் ரோட்டில் சின்னக் கடை, ஒற்றை மிஷின். அவள் கணவர் லைன்மேன். ஏழு வருடங்களுக்கு முன்னால் இதே சாலையில், கம்பத்தின் உச்சியில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் பாய்ந்து இறந்துபோனார்.

லைன்மேன் கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் சப்-ஸ்டேஷன் ஆபரேட்டரிடம் 'லைன் கிளியர்' வாங்க வேண்டும். லைனை அணைத்தாயிற்று, தைரியமாக ஏறு என்று அதற்கு அர்த்தம். வேலை முடிந்து இறங்கியதும் ஏறியவரே அதைத் திருப்பித் தர வேண்டும். அதுவரை ஆபரேட்டர் சுவிட்ச் பக்கமே போகக் கூடாது. அன்றைக்கு வேறொரு லைன்மேன், வேறொரு லைனைத் திருப்பித் தருவதற்காகப் போன் செய்தார். இரைச்சலில் ஆபரேட்டரின் காதில் லைன் மாறி விழுந்தது. சுவிட்சைப் போட்டுவிட்டார்.

காதில் மாறி விழுந்த ஒரே ஒரு வார்த்தை.

ஆபரேட்டரும் சித்தியும் ஒரே சபை. வழக்கு, தண்டனை எல்லாம் முடிந்து, வேலையும் போய், அவர் மறுபடி ஆலயத்துக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே சித்தி பாஸ்டரிடம் போய் நின்றாள்.

"ஒண்ணு அவர் வரணும், இல்ல நான் வரணும். நீங்களே சொல்லுங்க."

"மன்னிக்கிறது மனசுல தானா ஊறி வர்ற விஷயம் இல்லம்மா. நாமளா எடுக்கிற முடிவு."

"முடிவெடுக்க உங்களுக்கு ஈசிதான் பாஸ்டர். செத்தது உங்க வீட்டு ஆள் இல்லையே."

இந்தப் பேச்சு ஆபரேட்டரின் காதுக்குப் போய்விட்டது. அடுத்த வாரத்திலிருந்து அவர் ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். சித்தி மட்டும் தவறாமல் போனாள். கர்த்தருடைய ஜெபத்தில், பிறருடைய குற்றத்தை நாங்கள் மன்னிப்பதாகச் சொல்லும் அந்த இடம் வந்தால் வாயை மூடிக்கொள்வாள். அதைத் தாண்டியதும் மற்றவர்களோடு சேர்ந்துகொள்வாள். ஏழு வருடமும் அப்படித்தான்.

வீட்டில் மாமியார். செத்தவரைப் பெற்றவள். அந்த அம்மாள் ஒரே வருடத்தில் மனம் மாறி ஆபரேட்டரின் வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அன்றைக்கு வீட்டில் நடந்த சண்டையில் பக்கத்து வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்துகொண்டன.

"பெத்தவ நானே விட்டுட்டேன். நீ ஏன்டி இன்னும் புடிச்சுக்கிட்டு நிக்கிற?"

"உங்களுக்கு இன்னும் ரெண்டு புள்ளைங்க இருக்காங்க அத்தை. எனக்கு ஒரே புருஷன்தான்."

சரி, அந்த மாலைக்கு வருவோம். ஐந்து மணிக்கு ஆபரேட்டரின் மனைவி கடைக்கு வந்தாள். நனைந்துகொண்டே வந்திருந்தாள். மத்தியானம் புருஷனின் போனிலிருந்து இரண்டு முறை அடித்ததும் அவள்தான். சித்தி எடுக்கவில்லை.

"அக்கா... எங்க வீட்டுக்காரருக்கு டாக்டர் கைய விரிச்சுட்டாரு. உங்ககிட்ட இருந்து ஒரு வார்த்தை வேணுமாம். போன் அவர் தலைமாட்டுலதான் இருக்கு. ஒரு தடவை அடிச்சீங்கன்னா போதும்."

சித்தி மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை. மிஷின் தடதடவென்று ஓடிக்கொண்டே இருந்தது.

"மேல ஒருத்தர் இருக்காரு. அவர்கிட்ட கேட்டுக்கச் சொல்லுங்க."

வந்தவள் போய்விட்டாள். சித்தி தைத்துக்கொண்டிருந்த சட்டையில் கையை வைக்க வேண்டிய இடத்தில் காலரை வைத்துத் தைத்திருந்தாள். பிரித்தாள். மறுபடி தைத்தாள். மறுபடியும் கோணல். கடையை இழுத்துப் பூட்டிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

சாலையில் திரும்பியதும்தான் பார்த்தாள். கம்பத்தின் மேல் ஒரு ஆள்.

கரண்ட் போனால் லைன்மேன் ஏறுவது வழக்கம்தானே? சித்தி எந்த லைன்மேனைப் பார்த்தாலும், "ஆண்டவரே, பத்திரமா இறக்கிவிடும்" என்று முணுமுணுப்பாள். அன்றைக்கும் முணுமுணுத்துவிட்டுத் தாண்டிப் போனாள்.

அடுத்த கம்பம். அதன் மேலும் ஒரு ஆள். அதேபோல் இடது கையால் கம்பத்தைக் கட்டிக்கொண்டு... தலை மட்டும் தொங்கிக்கொண்டு.

இரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள் போல, என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்கடுத்த கம்பம். அதன் மேலும்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கீழே ஏணி இல்லை. வண்டி இல்லை. டார்ச் வெளிச்சம் இல்லை. பேச்சுக்குரல் இல்லை. திரும்பிப் பார்த்தாள். பின்னால் இருந்த கம்பங்கள் எல்லாம் வெறுமையாக நின்றன. மேலே இருந்த ஆள் ஒருவன்தான். அவள் போகிற கம்பத்துக்கெல்லாம் அவனும் வந்துகொண்டிருந்தான்.

ஆக்சிலேட்டரை முறுக்கினாள். தலைக்கு மேலே சத்தம்... டிங்... டிங்... இடுப்பு பெல்ட்டின் கொக்கி கம்பத்தில் தட்டுகிற சத்தம். காற்றே இல்லை. பிறகு வாடை வந்தது. ரப்பர் கையுறை கருகிய வாடை. மார்ச்சுவரியில் கணவரின் துணிமணிகளை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்களே, அந்தப் பையைத் திறந்தபோது வந்த அதே வாடை.

வளைவில் வண்டி வழுக்கியது. காலை ஊன்றி நிறுத்தினாள். அது எந்தக் கம்பம் என்று பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஏழு வருடமாக அந்த ஒரு கம்பத்தை மட்டும் பார்க்காமல்தான் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.

"ஊசி..."

அவளை அப்படிக் கூப்பிட உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். வாய்த்துடுக்குக்காக வைத்த செல்லப் பெயர் அது. மாமியாருக்குக்கூடத் தெரியாது.

"ஊசி... இறங்கலாமா?"

கோபமான குரல் இல்லை. களைத்துப்போன குரல். சித்தி நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இறங்குங்களேன்... யார் வேணாம்னாங்க?"

"நீதான்."

டிங்... டிங்...

"கை மரத்துப் போச்சு ஊசி. அவன்கிட்ட சொல்லு. சொன்னா இறங்கிடுவேன்."

சித்தி கைப்பைக்குள் துழாவினாள். மத்தியானம் வந்த எண் மேலேயே இருந்தது. விரல் ஈரத்தில் இரண்டு முறை அழுத்தியும் போகவில்லை. மூன்றாவது முறை மணி அடித்தது. ஒன்று... இரண்டு... எடுத்துவிட்டார்கள். பேச்சில்லை. மூச்சுச் சத்தம் மட்டும். அதற்குப் பின்னால் டிரான்ஸ்பார்மரின் உறுமல் மாதிரி ஒரு இரைச்சல்.

"நான்தான்..." என்றாள். "விட்டுட்டேன். உங்களை மன்னிச்சுட்டேன். கேக்குதா? மன்னிச்சுட்டேன்."

பிறகு ஆபரேட்டரின் குரல்.

"நேர்ல வர்றேம்மா."

போன் அணைந்தது. தலைக்கு மேலே கொக்கி கழன்றது. கம்பத்தில் உரசிக்கொண்டு, ஒவ்வொரு அடியாக, நிதானமாக யாரோ இறங்கினார்கள். கடைசியில் ஈர மண்ணில் இரண்டு பாதங்கள் பதிகிற சத்தம், அவளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில். அந்த நொடியில் தெருவிளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தன. கம்பத்தடியில் யாரும் இல்லை. வாடையும் போய்விட்டிருந்தது.

எப்படி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள் என்று கேட்டால் சித்திக்கே சொல்லத் தெரியாது. ஸ்டாண்டைப் போடும்போதே போன் அடித்தது. பாஸ்டர்.

"அம்மா, ஆபரேட்டர் தவறிட்டாரு. அஞ்சரைக்கே முடிஞ்சிருச்சு. சம்சாரம் வீடு வந்து சேர்றதுக்குள்ள..."

"அஞ்சரைக்கா? நான் இப்பதானே பாஸ்டர் பேசினேன். அவர் போன்லதான். ஏழு மணி இருக்கும்..."

"அந்தப் போன் என் முன்னாலதாம்மா இருக்கு. சார்ஜ் இல்லாம சாயந்திரமே அணைஞ்சு போச்சு."

கதவைத் திறந்துகொண்டு மாமியார் வாசலுக்கு வந்தாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"ஏன்டி இவ்ளோ நேரம்? உன்னைப் பாக்க யார் வந்திருக்காங்க தெரியுமா? ஆபரேட்டர். படுத்த படுக்கையா கெடக்கான்னு சொன்னாங்க, ஆனா நடந்தே வந்துட்டான் பாரேன். உடம்பு தேவலாம் போல."

சித்தியின் காதில் இன்னும் பாஸ்டர், "ஹலோ... ஹலோ..." என்றுகொண்டிருந்தார்.

"மூச்சு வாங்குது பாவம். தண்ணி குடுத்தேன், வாங்க மாட்டேங்குறான். 'அவங்க கையால குடுத்தா குடிக்கிறேன்'ங்குறான். நீயே குடு." மாமியார் எவர்சில்வர் டம்ளரை அவள் கையில் திணித்தாள். விளிம்புவரை தண்ணீர்.

ஓடியிருக்கலாம். கத்தியிருக்கலாம். நீங்களோ நானோ என்றால் அதைத்தான் செய்திருப்போம். சித்தி அங்கேயே நின்றாள். சாலையில் சொன்ன வார்த்தை யாருக்காகச் சொன்னது என்று அவளுக்குத் தெரியும். கணவர் இறங்க வேண்டும், அதற்காக. அந்தப் பயத்தில். ஆபரேட்டருக்காக அதில் ஒரு எழுத்துகூட இல்லை. இப்போது மேலே யாரும் தொங்கவில்லை. அவளை யாரும் கெஞ்சவில்லை. அவளும் அந்த மனிதரும் மட்டும்தான்.

ஐந்து மணிக்கே மிதியிலிருந்து காலை எடுத்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அவ்வளவு சின்ன காரியம்தான் அது.

உள்ளே போனாள்.

டியூப்லைட் பளிச்சென்று எரிந்தது. ஜன்னலோரம் நாற்காலி. அதில் யாரும் இல்லை. ஆனால் அதன் மெத்தை, ஒரு ஆள் உட்கார்ந்தால் எப்படி அமுங்குமோ அப்படி அமுங்கியிருந்தது. மூச்சு வாங்கும் சத்தமும் அங்கிருந்துதான் வந்தது.

சித்தி நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள். விளிம்பிலிருந்து கொஞ்சம் தண்ணீர் தரையில் சிந்தியது.

"குடிங்க அண்ணே," என்றாள்.

டம்ளரை நீட்டினாள். மூச்சுச் சத்தம் நின்றது.

கையை விட்டாள்.

டம்ளர் கீழே விழவில்லை.