சகலையின் விண்வெளிக் கடிகாரம்

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குச் சவரம் செய்யும் வழக்கமில்லை, ஐயா. தாடியைப் பார்த்து ஆளைத் தப்பாக எடை போட்டுவிடாதீர்கள். ஃபிரிட்ஜ் செய்யும் தொழிற்சாலையில் எனக்குத் தரச் சோதனை வேலை. விளம்பரத்தில் சொன்னபடி பொருள் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்ப்பேன். பார்க்காமல் எதையும் நம்புவது என் ரத்தத்திலேயே இல்லை.

என் சகலை, அதாவது மைத்துனியின் கணவர், தங்கமான மனிதர். அவர் வாங்கிய கைக்கடிகாரம்தான் பிரச்சினை. நிலாத் தரை மாதிரி குழிகுழியான முகப்பு, அதற்குள் மூன்று குட்டி வட்டங்கள், நொடி எண்ணப் பக்கவாட்டில் இரண்டு பொத்தான்கள், முதுகில் ராக்கெட் படம். விலையைக் கேட்டால் உங்களுக்கே மயக்கம் வரும். மாமியார் வீட்டில் எல்லோரும் அந்தக் கையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

“விண்வெளிக்குப் போறவங்களுக்கு ஏத்த மாதிரி செஞ்சது சகல. கொதிக்கிற வெயிலு, உறையுற குளிரு, எதுவும் இத ஒண்ணும் பண்ணாது.”

“யாரு சோதிச்சுப் பாத்தாங்க?” என்று கேட்டேன். தொழில் புத்தி.

“பெரிய மாப்பிள்ளைக்கு எதுலயும் சந்தேகம்தான்,” என்றார் மாமியார்.

சகலை அதோடு விடவில்லை. நான் மாடிப்படி ஏறும் நேரத்தைப் பொத்தானை அமுக்கி அளந்தார். “ராக்கெட் ஒருவழியா மேல போயிடுச்சு,” என்றார். வீடே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். அது வலித்தது, மறைக்க மாட்டேன். ஆனால் பொறாமை என்று மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள்.

அவர் குளிக்கப் போன சமயம், கடிகாரத்தை வாஷிங் மெஷினில் போர்வைகளோடு சுற்றவிட்டேன். ஒரு கீறல் விழவில்லை. அடுத்த முறை ஃபிரீசரில் பட்டாணிப் பொட்டலத்துக்கு அடியில் வைத்தேன். அதற்கும் அசரவில்லை. தேடிக் கண்டுபிடித்த சகலை கோபப்படுவார் என்று பார்த்தால், பெருமையில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஆனாலும் உஷாராகிவிட்டார்.

“இனிமே செத்தாலும் கையிலேருந்து கழட்ட மாட்டேன் சகல.”

இங்கேதான் எனக்குச் சிக்கல். வீட்டு ஃபிரீசரெல்லாம் ஒரு குளிரா? உண்மையான சோதனைக்கு எங்கள் தொழிற்சாலையின் குளிர் அறைதான் சரி. பொருளோ கையை விட்டு வராது. எங்கள் தொழிலில் இதற்கு வழி உண்டு, ஐயா. தனியாகக் கழற்ற முடியாத பாகத்தை, அது பொருத்தியிருக்கும் பொருளோடு சேர்த்தே சோதிக்கலாம்.

அவரை நான் இழுத்துக்கொண்டு போகவில்லை. கடிகாரத்தின் மேல் பனி படிந்த மாதிரி ஒரு போட்டோ எடுக்கலாம் என்றேன். வாயெல்லாம் பல்லாக வந்தார். இன்று விடுமுறை, தொழிற்சாலையில் ஈ காக்கை இல்லை. தன் செல்போனையும் என்னிடமே கொடுத்தார். கதவின் கண்ணாடி வழியாக எடுத்தால் இன்னும் எடுப்பாக இருக்கும் என்று சொல்லி வெளியே வந்து கதவைச் சாத்தினேன். போட்டோ உங்கள் மேசையில் இருக்கிறது, நன்றாகவே வந்திருக்கிறது.

உள்ளிருந்து திறக்கும் கைப்பிடியை நேற்றே கழற்றி வைத்ததும் நான்தான். பாதியில் திறந்தால் சோதனை செல்லாது.

இன்டர்காமில், “மணி என்ன சகல?” என்று கேட்டேன். சொன்னார். சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தேன், ஒரு நொடி பிசகவில்லை. எனக்கு மனசே விட்டுப்போயிற்று. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கேட்டேன். கதவைக் குத்திக்கொண்டே, நாக்குக் குழறச் சொன்னார். அப்போதும் சரியாகவே இருந்தது.

“கதவத் திறங்க சகல... கடிகாரத்த நீங்களே வெச்சுக்கோங்க...”

இத்தனை வருஷ வேலையில் நான் லஞ்சம் வாங்கியதில்லை, ஐயா. விசாரித்துப் பாருங்கள்.

கடைசியாகக் கேட்டபோது அவரிடமிருந்து பதிலே வரவில்லை. கடிகாரம் நின்றுவிட்டது என்று தெரிந்தது. வீட்டுக்குப் போய், எத்தனையோ நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.