ஆறு வாரமாக் காஞ்சுகிடந்த டேங்கு

கமலநாதன்: நான் வடிச்சிட்டேன்னு சொல்றேன், நீ என்னமோ...

தனலெட்சுமி: வடிச்சா ஏன் மூணு லைட்டு எரியுது? நாலு எரிஞ்சா டேங்கு ஃபுல்லுன்னு நீங்கதானே எனக்கு...

கமலநாதன்: அதைத்தான் நானும் கேக்குறேன். காலி டேங்குல எப்படி...

தனலெட்சுமி: என்னைக் கேட்டா? நானா வந்து ஊத்தினேன்?

கமலநாதன்: நீ ஊத்தினேன்னு யாரு சொன்னா?

தனலெட்சுமி: சொல்லலன்னா ஏன் என் மூஞ்சியப் பாக்குறீங்க? மீட்டரப் பாருங்க.

கமலநாதன்: தனம், விளம்பரத்துல என்ன போட்டிருக்கு? "மோட்டர்ஹோம் விற்பனைக்கு. படுக்கை, அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உள்ளேயே இருக்கு. ஆறு வாரமா ஸ்டோர்ல நிக்குது. தண்ணி டேங்கு சுத்தமா வடிச்சுக் காய வச்சிருக்கு." நான் சொல்லச் சொல்ல நம்ம பையன் முகுந்தன்தான் டைப் பண்ணினான். வண்டி வாங்க வர்ற அந்த அம்பாங் ஆளு பதினோரு மணிக்கு வந்து மொதல்ல குழாயத்தான் திறப்பான். தண்ணி கொட்டும். அப்புறம் எஞ்சினப் பத்தி நான் சொல்ற எதையாச்சும் நம்புவானா?

தனலெட்சுமி: இப்ப வடிச்சிடுங்க. மணி பத்தேகால்தானே.

கமலநாதன்: வடிக்கலாம்... காயாதே. மூடியத் திறந்து வச்சு ரெண்டு நாளாவது விடணும். ஈரத்தோட மூடினா பாசி பிடிக்கும்.

தனலெட்சுமி: நாப்பது வருஷம் ரயில்வேல சிக்னல் பாத்தவருக்கு ஒரு வால்வ ஒழுங்கா... அன்னைக்கு மழை வந்திச்சுன்னு பாதியிலயே மூடிட்டீங்க. அதான்.

கமலநாதன்: நீதானே பக்கத்துல குடை பிடிச்சுக்கிட்டு நின்ன? ரெண்டு வாரத்துக்குள்ள வண்டிய எடுக்கிறதுன்னா தண்ணி இருக்கலாம், அதுக்கு மேலன்னா வடிக்கணும். புத்தகத்துல அப்படித்தான் இருக்கு. வால்வத் திறந்தேன். எல்லாக் குழாயும் திறந்தேன். பைப்புல நிக்கிறது போகட்டும்னு பம்ப ஒரு நிமிஷம் ஓட விட்டேன். சரி, பாதியில மூடினேன்னே வச்சுக்க. ஆறு வாரம் கிள்ளான் வெயில்ல, பிளாஸ்டிக் டேங்குல நின்ன தண்ணி எப்படி இருக்கும்?

தனலெட்சுமி: எப்படி இருக்கும்?

கமலநாதன்: லொங்காங் சாக்கடை மாதிரி நாறும். இந்தா, மோந்து பாரு.

தனலெட்சுமி: ...ஒன்னும் நாறலையே.

கமலநாதன்: அதான் பிரச்சனை. இது நேத்துத் தண்ணி.

தனலெட்சுமி: நேத்துன்னு எப்படிச் சொல்றீங்க?

கமலநாதன்: ஏன்னா வியா...

தனலெட்சுமி: என்ன?

கமலநாதன்: வாசத்துல தெரியும்னேன். குளோரின் வாசம் இன்னும் போகல.

தனலெட்சுமி: எனக்கு இந்த டேங்கு மேலயே நம்பிக்கை இல்ல. இதுல தண்ணியே நிக்க மாட்டேங்குது.

கமலநாதன்: மூணு லைட்டு எரியுது, நிக்க மாட்டேங்குதுங்கிற?

தனலெட்சுமி: இல்ல... பொதுவாச் சொன்னேன். ரமணியக் கூப்பிடுங்க. இந்த யார்ட்டப் பாத்துக்கிறவ அவதானே, யாரு வந்தா போனான்னு அவளுக்குத் தெரியாமலா... வேணாம், கூப்பிடாதீங்க. பாவம், வேலையா இருப்பா.

கமலநாதன்: ஆமா, வேணாம். பாவம்.

ரமணி: கூப்பிட்டீங்களா அண்ணே?

கமலநாதன்: இல்லையே.

ரமணி: டேங்குன்னு காதுல விழுந்துச்சு. என்னக்கா, ரெண்டு பேரும் சேர்ந்து வந்திருக்கீங்க... இன்னைக்கு என்ன விசேஷம்?

தனலெட்சுமி: வண்டி பாக்க ஆளு வருது. விக்கப் போறோம்.

ரமணி: விக்கவா... ரெண்டு பேரும் பேசித்தான் முடிவு பண்ணீங்களா?

கமலநாதன்: வேற எப்படி முடிவு பண்ணுவாங்க? இந்த வண்டியில யாராச்சும் தண்ணி ஊத்தினாங்களா?

ரமணி: பைப்பு அந்தா இருக்கு. யாரு வேணாலும் பிடிக்கலாம் லா.

கமலநாதன்: மூடிக்குப் பூட்டு இருக்கு. சாவி ரெண்டே ரெண்டு. ஒன்னு என்கிட்ட. இன்னொன்னு வீட்டுல, சாமி மேடைக்குக் கீழ டப்பாவுல.

தனலெட்சுமி: அங்கதான் பேரப்புள்ளைங்க எந்நேரமும் விளையாடுதுங்க. யாரு எடுத்தாங்களோ.

ரமணி: பேரப்புள்ளைங்க பிரிக்ஃபீல்ட்ஸ்ல இருந்து கிள்ளானுக்கு வந்து தண்ணி ஊத்திட்டுப் போனாங்களா அக்கா?

தனலெட்சுமி: உனக்கு வேலை இல்லையா ரமணி?

கமலநாதன்: வாசல் கேட்டுப் பக்கத்துல கேமரா இருக்கே, அதைப் போட்டு... கெட்டுப் போயிருக்கும், இல்ல?

ரமணி: கெட்டுப் போகணும்னா கெட்டுப் போயிருக்கு அண்ணே.

தனலெட்சுமி: ஆமா, அது ரொம்பப் பழைய கேமரா.

ரமணி: போன மாசம் மாட்டினது. சரி, பழசு. எனக்கு ஒன்னே ஒன்னுதான். கொசுப்புழு இருக்கான்னு பாக்க ஆளு வந்தா எல்லா டேங்கையும் திறந்து காட்டுறது நான். பதினேழு வண்டி நிக்குது. ஒன்னு காஞ்சுகிடக்கும், இல்ல நாறிக்கிடக்கும். உங்க வண்டி மட்டும்தான் வீடு மாதிரி இருக்கு. அதுக்கு மேல நான் பேசல. போறேன்.

கமலநாதன்: ...அவ பேச்சே ஒரு மாதிரி. சரி, நான் வால்வத் திறக்கிறேன். நீ உள்ள போயி குழாய எல்லாம் திறந்து விடு.

தனலெட்சுமி: நீங்க உள்ள வராதீங்க, இருங்க... ஏங்க, மேசை மேல வியாழக்கிழமை பேப்பர் கிடக்கு.

கமலநாதன்: காத்துல வந்திருக்கும்.

தனலெட்சுமி: பூட்டின வண்டிக்குள்ளயா? குறுக்கெழுத்து பாதி போட்டிருக்கு.

கமலநாதன்: குடு இப்படி. ரமணி கண்ணாடி துடைக்க வச்சிருப்பா. நீ கையில என்ன சுருட்டி வச்சிருக்க?

தனலெட்சுமி: கரித்துணி.

கமலநாதன்: சீயக்கா வாசம் வருது.

தனலெட்சுமி: வாசமான கரித்துணி. வால்வத் திறந்தீங்களா இல்லையா?

கமலநாதன்: இறுக்கமா இருக்கு.

தனலெட்சுமி: எண்ணெய் போட்ட மாதிரி பளபளன்னு இருக்கு, இறுக்கமாங்கிறீங்க. ஃபோன் அடிக்குது பாருங்க.

கமலநாதன்: அம்பாங் ஆளு. ஹலோ, யெஸ் போஸ்... எங்க, ஃபெடரல் ஹைவேயா... ஓகே, ஓகே... தனம், அரை மணி நேரத்துல வந்திடுவானாம். டிரைவரோட வரான். பிடிச்சா இன்னைக்கே ஓட்டிக்கிட்டுப் போயிடுவானாம்.

தனலெட்சுமி: இன்னைக்கேவா.

கமலநாதன்: இன்னைக்கே.

தனலெட்சுமி: போகட்டும். முகுந்தன் சொன்னது சரிதான். இந்த வயசுல இதை ஓட்டிக்கிட்டு எங்க போகப் போறோம்...

கமலநாதன்: நீதானே மொதல்ல வித்துடலாம்ன?

தனலெட்சுமி: நீங்க தலைய ஆட்டினீங்க. அதனால சொன்னேன்.

கமலநாதன்: நீ சொன்ன. அதனால ஆட்டினேன்.

தனலெட்சுமி: நல்லா ஆட்டினீங்க.

கமலநாதன்: முகுந்தன் குடும்பம் எப்ப அந்தச் செமினி புது வீட்டுக்குப் போறாங்களாம்?

தனலெட்சுமி: சாவி இன்னும் கைக்கு வரலையாம். ரெண்டு வாரம் தங்குறோம்னு வந்தாங்க, ஏழாவது வாரம். அவங்க ரெண்டு காரையும் விட இடம் வேணும்னுதானே இந்த வண்டிய இங்க கொண்டாந்து போட்டோம். இருக்கிறது ஒரு பாத்ரூம். தலையில தண்ணி ஊத்துறேன், கதவத் தட்டுறாங்க.

கமலநாதன்: நான் பேப்பரப் பிரிச்சா, "மாமா, காலத் தூக்குங்க"ன்னு மருமக விஷ்ணுப்ரியா வேக்குவம் போடுது. நல்ல புள்ளதான்.

தனலெட்சுமி: நல்ல புள்ளதான். நான் குறை சொல்லல.

கமலநாதன்: நானும் சொல்லல.

தனலெட்சுமி: ஏங்க... அந்த ஆளு டேங்கப் பத்தி ரொம்பக் கேட்டானோ?

கமலநாதன்: மூணு தடவை கேட்டுட்டான். அவன் பொண்டாட்டி தண்ணி விஷயத்துல ரொம்ப அருவருப்பு பாக்குமாம். பழைய தண்ணி நின்ன வண்டின்னா வேணவே வேணாமாம்.

தனலெட்சுமி: நாம பொய் சொல்லி விக்கக் கூடாதுல்ல.

கமலநாதன்: கூடாது.

தனலெட்சுமி: உண்மையச் சொல்லிடுங்க. டேங்குல தண்ணி இருக்கு.

கமலநாதன்: அது மட்டும் சொன்னா, பரவால்ல வந்து பாக்கிறேம்பான்.

தனலெட்சுமி: கொஞ்சம் விவரமாச் சொல்லுங்க.

கமலநாதன்: ...ஹலோ, போஸ். சாரி லா. டேங்கு வடிச்சிருக்குன்னு போட்டிருந்தேன், தப்பு. தண்ணி நிக்குது... ஆறு வாரமா... ஆமா, வெயில்லதான்... கலரா? கலரு வந்து...

தனலெட்சுமி: பச்சை.

கமலநாதன்: பச்சை போஸ்.

தனலெட்சுமி: புழு.

கமலநாதன்: புழுவும் இருக்கு. குளோரின் ஊத்தி நாலு தடவை கழுவினாலும் அந்த வாசம் போகாது, நானே சொல்றேன்... யெஸ்... யெஸ், டிரைவர்கிட்டயும் சாரி சொல்லுங்க... வச்சுட்டான்.

தனலெட்சுமி: என்ன சொன்னான்?

கமலநாதன்: இந்த வயசுல ஒரு டேங்கப் பாத்துக்கத் தெரியலையான்னு கேட்டான்.

தனலெட்சுமி: கேட்டா கேட்டுட்டுப் போறான்.

கமலநாதன்: நாப்பது வருஷ வேலையில என்னை ஒருத்தன் அப்படிக் கேட்டதில்ல.

தனலெட்சுமி: டீ போடவா?

கமலநாதன்: எந்தத் தண்ணியில?

தனலெட்சுமி: இதுலதான். நல்ல தண்ணி.

கமலநாதன்: சாமான் எல்லாத்தையும் அன்னைக்கே வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டோமே. டீத்தூள் ஏது?

தனலெட்சுமி: இருந்திச்சு.

கமலநாதன்: பிஸ்கட்டுமா?

தனலெட்சுமி: அதுவும்தான் இருந்திச்சு.

கமலநாதன்: ...தனம், ஒன்னு சொல்றேன், கோவிச்சுக்காத. திங்களும் வியாழனும் சாலாக் செலாத்தானுக்குக் கேரம் ஆடப் போறேன்னு சொல்லுவேன்ல... அங்க போறதில்ல. இங்கதான் வரேன்.

தனலெட்சுமி: ம்.

கமலநாதன்: ஒன்னும் பண்றதில்ல. காலத் தூக்காம உக்காந்து பேப்பர் படிப்பேன். போறப்ப டேங்க ஒரு சொட்டு விடாம வடிச்சிட்டுத்தான் போவேன். அடுத்த தடவை வந்து பாத்தா நிறைஞ்சு நிக்கும். வடிச்சேனா இல்லையான்னு எனக்கே சந்தேகம். மறதி நோய் வந்துடுச்சோன்னு பயந்து கிளினிக்குக்குக்கூடப் போயிட்டு வந்தேன்.

தனலெட்சுமி: டாக்டர் என்ன சொன்னாரு?

கமலநாதன்: மறதி எல்லாம் இல்லன்னாரு. வீட்டுல மனசு விட்டுப் பேசச் சொன்னாரு.

தனலெட்சுமி: நல்ல டாக்டர். சீனி போதுமா?

கமலநாதன்: போதும். அதான், இனிமே நான் ஒளிஞ்சு வரல. நீயும் என்கூட வந்திடு. நம்ம மைவி கார்ல ஏறினா முக்கால் மணி நேரம். ரெண்டு பேரும் இப்படி எதிரும் புதிருமா உக்காந்து டீ குடிக்கலாம், பேசலாம், சாயங்காலம் வரைக்கும் யாரும் தட்ட மாட்டாங்க... என்ன சொல்ற?

தனலெட்சுமி: நீங்க எப்பவும் போல திங்களும் வியாழனும் வாங்க, உக்காருங்க. போறப்ப மட்டும் தண்ணிய வடிச்சிடாதீங்க. செவ்வாயும் வெள்ளியும் நான் தனியா வந்து தலைக்குக் குளிக்கணும்.